போரில் மறைந்த பல் மருத்துவரைத் தேடுவது எப்படி: கொங்குக் குடும்பங்களுக்கு

இரண்டாம் உலகப் போரின்போது இளம் வயதிலேயே இறந்துபோன படைப் பல் மருத்துவர் ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், அவரைப் பற்றி எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு சீருடைப் படமும், ‘பர்மாவில் குண்டடி பட்டுப் போய்விட்டார்’ என்று அப்பத்தா சொல்லிவந்த ஒரு வரியும்தான். படத்தை நம்புங்கள், வரியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். 1943இல் பர்மா முனையிலிருந்து காயத்துக்காக ஒருவர் வெளியேற்றப்பட்டபோது நோய்க்காக 120 பேர் வெளியேற்றப்பட்டனர் என்பது அப்படையை நடத்திய தளபதி ஸ்லிம் தந்த கணக்கு. மலேரியாவும் சீதபேதியும் மருத்துவர்களையும் விட்டுவைக்கவில்லை.

வீட்டிலுள்ள தகரப்பெட்டியிலிருந்து தொடங்குங்கள். கடிதங்கள் கிடைத்தால், உள்ளே எழுதியிருப்பதைவிட உறைமேல் விழுந்திருக்கும் வட்ட முத்திரையே முதலில் உதவும். ஏனெனில் தணிக்கை காரணமாக ஊர்ப்பெயரை எழுத அவருக்கு அனுமதி இருந்திராது. முத்திரையில் எஃப்.பி.ஓ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் தேதியும் இருந்தால் அது களத் தபால் நிலையத்தின் முத்திரை. அந்த எண் எந்த மாதத்தில் எந்த ஊரில் இருந்தது என்பதைப் படைத் தபால் சேகரிப்பவர்கள் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். பதக்க நாடாவில் நடுவே அகன்ற சிவப்பும், இருபுறமும் கருநீலமும், நீலத்தின் இடையே மெல்லிய ஆரஞ்சுக் கோடும் இருந்தால் அது பர்மா நட்சத்திரத்தின் நாடா. வங்காளத்திலும் அசாமிலும் பணியாற்றியவர்களுக்கும் அது கிடைத்தது என்பதால், அதை மட்டும் வைத்து அவர் பர்மாவுக்குள் போனார் என்று முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்து, அவர் உண்மையில் பல் மருத்துவர்தானா என்று பாருங்கள். இந்தக் கேள்வி சிலருக்குக் கோபத்தை வரவழைக்கும், ஆனால் தவிர்க்க முடியாதது: பல்செட் செய்த மெக்கானிக்கையும் உதவியாளரையும்கூட ஊரார் ‘பல் டாக்டர்’ என்றே அழைத்திருப்பார்கள்; பல் மருத்துவத் தொழிலை நாடு முழுவதும் முறைப்படுத்திய சட்டமே 1948இல்தான் வந்தது. சென்னையில் பல் மருத்துவக் கல்லூரி 1953இல்தான் தொடங்கியது என்பதால், போருக்கு முன் பட்டம் பெற்ற கொங்கு இளைஞர், கல்கத்தாவில் 1920இல் ரஃபியுத்தீன் அகமது என்பவர் நிறுவிய கல்லூரிக்கோ, பம்பாய்க்கோ, லாகூருக்கோ போயிருக்க வேண்டும். அந்தத் திசையில் ஒரு ரயில் பயணக் கதையாவது வீட்டில் எஞ்சியிருக்கும். இந்தியப் படையின் பல் மருத்துவப் பிரிவு 1941 பிப்ரவரி 1 அன்று உருவானது. அதற்கு முன்பே சேர்ந்தவரை வேறு மருத்துவப் பிரிவுகளிலும் தேடுங்கள்.

இனி, போரில் இறந்த காமன்வெல்த் படையினரின் பெயர்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல். நம்மவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். ஈரோடு மாவட்டம் 1979இலும் திருப்பூர் மாவட்டம் 2009இலும் பிறந்தவை. ஆகவே பவானிக்காரரையும் தாராபுரத்துக்காரரையும் கோயம்புத்தூர் மாவட்டம் என்றே தேட வேண்டும். கரூர் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும் நாமக்கல் சேலத்திலும் இருந்தன. தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் வரும் நம் வழக்கம் புரியாத எழுத்தர், சாதிப் பெயரையோ தகப்பனார் பெயரையோ குடும்பப் பெயராகப் பதிந்திருக்கலாம். ‘கவுண்டர்’ என்று தேடிக் கிடைக்காதவர் ‘கவுண்டன்’ என்ற பதிவில் இருக்கக்கூடும். ‘சாமி’ என்று முடியும் பெயரை ‘ஸ்வாமி’ என்றும் தட்டிப் பாருங்கள். எதுவும் ஒத்துவராவிட்டால் பெயரை விட்டுவிட்டு, படைப்பிரிவையும் இறந்த ஆண்டையும் மட்டும் கொடுத்து, வரும் பட்டியலை வரிவரியாகப் படிப்பதே நல்லது.

நோயோடு விடுப்பில் வந்து வீட்டுத் திண்ணையில் உயிர்விட்டவரும் இந்தப் பட்டியலுக்கு உரியவரே. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருக்கும்போது எக்காரணத்தால் இறந்திருந்தாலும் ஆணையம் ஏற்கிறது. பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட பின் அதே காலத்துக்குள் இறந்திருந்தால், இறப்புக்குக் காரணம் படைப்பணியே என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஊரில் இறந்திருந்தால் மணியகாரர் காலத்து இறப்புப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். அது கிடைக்காதபோது எனக்குப் பலமுறை கைகொடுத்தது பாகப்பிரிவினைப் பத்திரம்: தோட்டத்தையும் கிணற்றுப் பங்கையும் பிரித்தெழுதும்போது ‘காலஞ்சென்ற’ என்ற சொல் அவர் பெயருக்கு முன்னால் எந்த ஆண்டுப் பத்திரத்தில் முதலில் வருகிறது என்று பார்த்தால், தேடவேண்டிய காலம் குறுகிவிடும்.

பெயர் கிடைத்தால், அது எந்த நினைவகத்தில் இருக்கிறது என்பதையும், பெயர் வெட்டப்பட்ட தூண் பக்கத்தின் எண்ணான முகப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். யாங்கூனுக்கு வடக்கே தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள் படைப்பிரிவு வாரியாகத் தூண்களில் வெட்டப்பட்டுள்ளன. அவரவர் மத வழக்கப்படி எரியூட்டப்பட்டவர்களுக்கு அதே வளாகத்தில் தனி நினைவகம் உண்டு. முகப்பு எண் இல்லாமல் போய்விட்டு, வெயிலில் அண்ணாந்து பார்த்தபடி அரைநாள் நிற்க வேண்டாம்.