அறை கூட்டினால் போதுமா? கூட்டுக்குடும்ப வீட்டைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடம் போதவில்லை என்றுதான் பேச்சு தொடங்கும். மூத்தவனுக்குக் கல்யாணம் முடிந்தாயிற்று, இளையவனுக்குப் பெண் பார்க்கிறார்கள், மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள், ஆச்சிக்கு மாடி ஏற முடியவில்லை. உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு, “மாடியில ரெண்டு ரூம் எடுக்க எவ்வளவு ஆகும் அண்ணாச்சி?” என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல. திருநெல்வேலிச் சீமையில், பாளையங்கோட்டையிலிருந்து வள்ளியூர் வரை, பன்னிரண்டு பதினாலு பேர் புழங்கும் வீடுகளில் படுக்கிற இடத்துக்காகச் சண்டை வருவது குறைவு. பத்தமடைப் பாயை விரித்தால் பட்டாசலில், அதாவது கூடத்தில், எட்டுப் பேர் தூங்கிவிடலாம். சண்டை வருவது காலை ஆறரை மணிக்கு, தோளில் துண்டோடு குளியலறை வாசலில் நாலு பேர் நிற்கும்போது.

ஆகவே முதல் தவறு தலைக்கணக்கில். நம் பக்கத்து வீடுகளுக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று அன்றாடம் சோறு தின்னும் ஆட்கள். இன்னொன்று பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கும், ஊர்க் கோயில் கொடை விழாவுக்கும் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்து இறங்கும் கூட்டம். பலர் இரண்டாவது கணக்கை மனதில் வைத்து அறைகளைக் கட்டிவிட்டு, முதல் கணக்குக்குத் தகுந்த தண்ணீர்த் தொட்டியையும் கழிப்பறையையும் வைத்துக்கொள்கிறார்கள். அது அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அறையை அன்றாடக் கணக்குக்குக் கட்டுங்கள். தண்ணீர், கழிவு, புறவாசல் இவற்றைத் திருவிழாக் கணக்குக்குப் போடுங்கள். வருஷத்தில் மூன்று நாள் ஆள் படுக்கும் அறை மற்ற நாளெல்லாம் பழைய கட்டில், பரிசுப் பாத்திரம் அடைக்கிற இடமாகத்தான் போகும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைப்பார்கள். பதினாலு பேருக்கு 1,890 லிட்டர். மொட்டை மாடியில் ஒற்றை ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸை வைத்துவிட்டு “தண்ணி நிக்கவே மாட்டேங்கு” என்று அலுத்துக்கொள்வதில் பொருளில்லை. அதற்காக இன்னொரு தொட்டியை வாங்கித் தளத்தின் நடுவில் ஏற்றிவிடவும் கூடாது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அது சுவர் அல்லது தூண் தலைமேல் உட்கார வேண்டும். பின்னால் சோலார் போடும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஐப்பசி முதல் மாசி வரை வெயில் தெற்கே சாய்ந்து அடிக்கும். தென்பக்கம் உயரமாகத் தொட்டியோ மாடிப்படி அறையோ நின்றால் அதன் நிழல் தகடுகளின் மேல் விழும். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது என்று ஓடிப்போய்ப் போட்டுவிட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு நிழலைப் பார்த்து நிற்பவர்கள் உண்டு. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் ஆற்றுத் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய் போட்டுவிட வேண்டும். பூச்சு முடிந்த பிறகு அதற்காகச் சுவரை வெட்டுவது வீண் செலவு.

இனி, சொல்லக் கூச்சப்படும் விஷயத்துக்கு வருகிறேன். புறவாசலில் பழைய கிணறு வற்றிக் கிடக்கிறது. கழிவுத் தொட்டிக்குக் குழி வெட்டக் கூலி கொடுக்க வேண்டும். கிணறுதான் சும்மா கிடக்கிறதே, குழாயை அதற்குள் திருப்பிவிட்டால் என்ன? திருநெல்வேலிச் சீமையில் வீட்டைத் திருத்துகிறவர்கள் செய்யும் தவறுகளில் ஆகக் கெட்டது இதுதான். கழிவு தொட்டியில் தேங்கி, மண்டி என்கிற கசடு அடியில் தங்கி, தெளிந்த நீர் மேல்மண் வழியாக ஊறி வடிகட்டப்படுவதுதான் முறை. கிணற்றில் விட்டால் அந்த வடிகட்டலே நடக்காமல் கழிவு நேராக நிலத்தடி நீரோடு கலக்கிறது. அடுத்த வீட்டுப் போரில் வரும் தண்ணீரும் அதுதான், நாலு வருஷம் கழித்து நீங்கள் போடப்போகும் போரில் வருவதும் அதுதான். அந்தக் கிணற்றை மழைநீருக்குக் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பெரும்பாலான வீடுகளில் அது பேருக்கு ஒரு குழாயும் குழியுமாக நிற்கிறது. ஆயிரம் சதுர அடித் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 930 லிட்டர் விழுகிறது. ஜல்லி, கூழாங்கல், மணல் அடுக்கிய சிறு வடிகட்டித் தொட்டி வழியாக அதைக் கிணற்றில் இறக்கினால், வற்றிய கிணறு ஊறத் தொடங்கும். வாயில் இரும்புக் கம்பி வலை கட்டாயம். சின்னப் பிள்ளைகள் ஓடும் வீடு.

கழிவுத் தொட்டியைக் கிணறு, போர் இவற்றிலிருந்து குறைந்தது 50 அடியாவது தள்ளி வையுங்கள். ஐந்து பேருக்குக் கட்டிய தொட்டியோடு மாடியிலும் இரண்டு கழிப்பறை சேர்த்தால், மண்டி தங்க நேரமில்லாமல் உறிஞ்சிக் குழிக்கு ஓடி அதை அடைத்துவிடும். அதனால் தொட்டியின் கொள்ளளவைப் புதுத் தலைக்கணக்குக்குப் போட வேண்டும். இன்னொன்று, மூடி. புறவாசலுக்கு டைல்ஸ் ஒட்டும்போது தொட்டி மூடியின் மேலும் சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள், பார்க்க ஒரே சீராக இருக்கும் என்று. தொட்டி நிறைந்த அன்று மூடி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெரியப்பா ஒரு இடத்தைக் காட்டுவார், சித்தப்பா இன்னொரு இடத்தைக் காட்டுவார், இரண்டு இடத்திலும் உடைப்பார்கள். லாரிக் குழாய் தெருவிலிருந்து எட்டும் இடத்தில் தொட்டி இருக்க வேண்டும். எட்டவில்லை என்று ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், விஷவாயுவில் ஆள் போய்விடும்.

புறவாசல் முழுக்கச் சிமென்ட் போடும் மோகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். “மண்ணா கெடந்தா தூத்து மாளல, சிமிண்டு போட்டா லேசா இருக்கும்லா” என்பார் மூத்த மைனி (அண்ணி). தினமும் குனிந்து பெருக்குகிறவர் அவர்தான், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கூட்டுக்குடும்பத்தில் புறவாசல்தான் வீட்டிலேயே பெரிய அறை. வத்தல் காய்வதும் அங்கே, பாத்திரம் விளக்குவதும் அங்கே, கொடைக்கு அடுப்புக் கூட்டிக் கறி வேகுவதும் அங்கே. முழுக்கச் சிமென்ட் போட்டால் சித்திரையில் மத்தியானம் கால் வைக்க முடியாது, அந்தச் சூடு ராத்திரி ஒன்பது மணிக்கும் அடுப்படி ஜன்னல் வழியே உள்ளே வரும். மழைத் தண்ணீருக்கோ போக்கிடம் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு எந்த முற்றமும் தாங்காது, வாஸ்தவம். ஆனால் ஐப்பசியில் சாதாரணமாகப் பெய்யும் நாலு சென்டிமீட்டருக்கே அடுக்களைக்குள் தண்ணீர் வருகிறது என்றால், சிமென்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். பழையதைக் கொத்தாமல் அதன் மேலேயே புதுத் தளம் போட்டுப் போட்டு, இரண்டு படி இறங்கின இடத்தில் இப்போது ஒரு படிகூட இல்லாத வீடுகள் பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் எத்தனையோ.

விளக்குகிற இடம், துவைகல் இருக்கிற இடம், நடைபாதை, இவற்றுக்கு மட்டும் சிமென்ட் போடுங்கள், வாறுகால் (சாக்கடை) பக்கம் வாட்டம் வைத்து. மிச்சத்தை மண்ணாகவோ, இடைவெளி விட்டுப் பதித்த கல்லாகவோ விடுங்கள். துவைத்த தண்ணீரும் விளக்கின தண்ணீரும் வாழைக்கும் கல்வாழைக்கும் போகட்டும். முருங்கையை மதில் ஓரத்திலும் மின்கம்பி அருகிலும் வைக்காதீர்கள். ஆடிக்காற்றுக்கு முதலில் ஒடிவது அதன் கொப்புதான், கம்பளிப்பூச்சி வரும் மாதத்தில் துணி காயப்போடவும் முடியாது. தென்னைக்கு மரத்துக்கு மரம் 25 அடி வேண்டும். ஐந்து சென்ட் மனையில் எத்தனை வைக்கலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு மேலே நெற்று விழாத மாதிரி வைப்பது அதைவிட முக்கியம்.

காற்று நம் ஊருக்குத் தனி விஷயம். ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்கள் வழியே மேக்காத்து இறங்கும்போது, பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றுகிற வேகத்திலேயே மாடித் தகரமும் பறக்கப் பார்க்கும். மொட்டை மாடிக்குத் தகரக் கொட்டகை போடுகிறவர்கள் தூண் கனத்தில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. மேற்குப் பக்கம் முழுக்க அடைத்தும் விடக் கூடாது. வெளி அடுப்படியை வீட்டுக்கு மேற்கே வைத்தால் இரண்டு மாசமும் புகை பட்டாசலுக்குத்தான். வாஸ்துக்காரர் சொல்லும் தென்கிழக்கு அக்னி மூலை இந்த ஒரு காரியத்தில் காற்றுக்கும் ஒத்துவருகிறது. அவர் சொல்லும் மற்றதுக்கெல்லாம் நான் பொறுப்பில்லை.

கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கத்துப் பழைய வீடுகளில் மண்சாந்துச் சுவர், பனங்கட்டை உத்தரம் இருக்கும். அந்தச் சுவரின் மேல் நேராகக் கான்கிரீட் மாடி ஏற்றுவதும், தார்சாவையும் (முன்கட்டுத் தாழ்வாரம்) பட்டாசலையும் ஒன்றாக்க நடுச்சுவரை உடைப்பதும் ஆபத்து. எந்தச் சுவர் எடை தாங்குகிறது என்று பொறியாளர் ஒருவர் வந்து பார்த்த பிறகே கடப்பாறை எடுக்க வேண்டும். மானூர்ப் பக்கம் கரிசல் மண் என்றால் அஸ்திவாரத்துக்கும் அவரைத்தான் கேட்க வேண்டும். கரிசல் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும், சுவரும் அதோடு சேர்ந்து வெடிக்கும்.

ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் கீழேயே ஒரு அறையும் ஒட்டினாற்போல் மேல்நாட்டுக் கழிப்பறையும் வேண்டும். கதவு மூன்றடி இருக்கட்டும். இரண்டரை அடிக் கதவில் சக்கர நாற்காலி நுழைவது சிரமம். சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் கேட்கும், வாசலில் அதற்கு இடம் விடாமல் திண்ணையை நீட்டிவிடாதீர்கள்.

செலவு யாருடையது என்பதை எழுதி வைக்காமல் தொடங்குவது இன்னொரு பெரிய தவறு. பூர்வீக வீட்டின் பின்பக்கம் இளையவர் தன் காசில் மாடி கட்டுவார், பத்து வருஷம் கழித்துப் பாகம் பிரிக்கும்போது அது யார் பங்கில் விழுகிறது என்று கிளம்பும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களைப் போலப் பங்கு உண்டு. கட்டிக்கொடுத்த தங்கச்சியைக் கேட்காமல் அஸ்திவாரம் தோண்டுவது சட்டப்படியும் சரியில்லை, முறைப்படியும் சரியில்லை. புதிதாகக் கட்டுவதானால் அனுமதி வாங்க இப்போது அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. ஐந்து சென்ட் மனை 2,178 சதுர அடிதான்.

கடைசியாக, காலம். மாசி, பங்குனியில் பிசான நெல் அறுப்பு முடிந்து கையில் காசு புரளும்போது தொடங்குவது வழக்கம், அது நல்ல வழக்கமும்கூட. புரட்டாசியில் ஆரம்பித்தால் ஐப்பசி மழையில் மணலும் சிமென்டும் நனையும், கொத்தனாரும் வரமாட்டார். சித்திரையில் கான்கிரீட் தளம் போட்டால் ஒன்றுதான் கவனம், தண்ணீர் விடுவது. சாதாரணச் சிமென்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்து இப்போது பரவலாகக் கிடைக்கும் பி.பி.சி. வகைக்கு 10 நாள் குறைந்தபட்சம் தளம் ஈரமாகவே இருக்க வேண்டும். நம் வெயிலுக்கு 14 நாள் விடுவது நல்லது. பதினாலு பேர் இருக்கும் வீட்டில்தான் இதற்கு ஆளே இல்லாமல் போகும். ஒவ்வொருவரும் அடுத்தவர் விட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். காலைக்கு யார், மாலைக்கு யார் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். முழுப்பரீட்சை லீவில் இருக்கும் பையன்களிடம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொன்னால் விளையாட்டாகவே செய்துவிடுவார்கள். கைப்பிடிச்சுவர் எழும்பாத தளம் என்பதால் பெரியவர் ஒருவர் மட்டும் கூடவே நிற்க வேண்டும்.