சினூக் ஓட்டப் பழக, முதலில் இடது காலை அடக்குங்கள்

மூன்று வருடம் ஒற்றை ரோட்டார் (மேலே சுற்றும் பெரிய விசிறி) ஹெலிகாப்டரைச் சிமுலேட்டரில் ஓட்டிய பழக்கத்தோடு, முன்னும் பின்னும் ஒவ்வொரு ரோட்டார் உள்ள சினூக் ஹெலிகாப்டரைச் சிமுலேட்டரில் ஓட்ட உட்கார்ந்தேன். மேலே எழுப்பும் நெம்புகோலான கலெக்டிவைத் தூக்கியதும் இடது கால் தானாகவே பெடலை மிதித்தது; ஒற்றை ரோட்டாரில் உடல் முறுக்கிக்கொண்டு திரும்பாமலிருக்க அப்படி மிதித்தாக வேண்டும். சக்கரம் தரையை விட்டதும் மூக்கு இடப்பக்கம் சுழன்று போய்விட்டது. அதனால் முதல் பாடம் இதுதான்: பவர் ஏற்றும்போது பாதம் சும்மா இருக்கட்டும். இரண்டு ரோட்டார்களும் எதிரெதிராகச் சுற்றுவதால் ஒன்றின் முறுக்கை இன்னொன்று ஈடுகட்டிவிடுகிறது. வால் ரோட்டார் கிடையாது. அதற்குப் போகும் சக்தியும் தூக்குவதற்கே போகிறது.

மற்ற கன்ட்ரோல்களுக்கு, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தோளில் சுமக்கும் பல்லக்கை நினைத்துக்கொள்வேன். கலெக்டிவைத் தூக்கினால் இருவரும் சேர்ந்து எழுகிறார்கள். ஸ்டிக்கை முன்னே தள்ளினால் முன்னவர் தோளைத் தாழ்த்துகிறார், பின்னவர் உயர்த்துகிறார். அதாவது முன் ரோட்டாரின் பிளேடு கோணம் குறைந்து, பின்னதில் கூடுகிறது. ஸ்டிக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் இருவரும் ஒரே பக்கம் நகர்கிறார்கள். இடது பெடலை மிதித்தால் முன்னவர் இடப்பக்கம் இழுக்க, பின்னவர் வலப்பக்கம் இழுக்க, பல்லக்கு நின்ற இடத்திலேயே திரும்பும். ஹோவரில், அதாவது அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று, இதை மெதுவாக, இரண்டு பக்கமும் ஒரு முழு வட்டம் பழகுங்கள். காற்று பின்னாலிருந்து அடித்தாலும் பயப்பட வேண்டாம்; வால் ரோட்டார் ஹெலிகாப்டர் அளவுக்கு இது தடுமாறாது.

வேகம் எடுத்தபின் கதை வேறு. சினூக் இறகில்லாத அம்பு. மூக்கு ஒரு பக்கம் நழுவினால் தானாகத் திரும்பி வராது, மேலும் மேலும் போகும். அதைப் பிடித்து வைத்திருப்பது ஏஎஃப்சிஎஸ் என்ற நிலைப்படுத்தும் அமைப்பு. நல்ல உயரத்தில் ஒருமுறை அதை அணைத்து ஓட்டிப் பாருங்கள். மூக்கு பக்கவாட்டில் நழுவுவதைக் (ஸ்லிப்) காட்டும் கருவியிலுள்ள பந்தின் மேலேயே கண் இருக்கட்டும். அது நகர ஆரம்பித்த நொடியிலேயே பெடலைத் தொட்டுவிட வேண்டும். அரை நொடி தாமதித்தால் அப்புறம் துரத்திக்கொண்டே இருப்பீர்கள்.

இறங்கும்போது பின் சக்கரங்கள்தான் முதலில் தொடும், ஏனென்றால் ஹோவரில் மூக்கு சற்று நிமிர்ந்தே நிற்கும். இதை வைத்துத்தான் மலை விளிம்பில் பின் சக்கரங்களை மட்டும் ஊன்றி, பின்கதவைத் திறந்து ஆட்களை ஏற்றுகிறார்கள். முன்பாதி பள்ளத்தாக்கின் மேல் அந்தரத்தில் நிற்கும். எனக்கு இதில்தான் ஆசை அதிகம், பழகவும் அதிக நாள் ஆயிற்று.

ஓட்டுபவருக்குப் பின்சக்கரம் தெரியாது. உண்மையில் பின்கதவருகே நிற்கும் குழுவினர் தூரம் சொல்லுவார்கள். எனக்கு என் தம்பி. இரண்டாவது மானிட்டரில் வெளிக்காட்சியைப் பார்த்து, "அண்ணா, இன்னும் நாலடி… ரெண்டடி… தொட்டுடுச்சு" என்பான். தொட்டதும் கலெக்டிவை விட்டுவிடாதீர்கள். முன்பாதியின் எடையை ரோட்டார்தான் இன்னும் தாங்குகிறது. பக்க ஜன்னலில் தெரியும் ஒரு பாறையைக் குறி வைத்து, அது அசையாதபடி ஸ்டிக்கை விரல்நுனியில் பிடித்து, ஏறுபவர் ஏறி முடிக்கும்வரை பறந்துகொண்டே இருங்கள்.