சிரியாக் சுவடியின் 'யவனர் ஆண்டை' கி.பி.க்கு மாற்றுவது எப்படி?

எடெஸ்ஸா, நிசிபிஸ் போன்ற மெசப்பொத்தேமிய நகரங்களின் பழைய கிறிஸ்தவர்கள் சிரியாக்கில் (அராமிக் மொழியின் ஒரு வடிவம்) எழுதிய சுவடிகளில் காலக்குறிப்பு பெரும்பாலும் கடைசி ஏட்டில் இருக்கும். ஆண்டு, 'யவ்னாயே' (கிரேக்கர்) கணக்கில் வரும். சங்கப் பாட்டு சொல்லும் யவனர் என்ற அதே சொல்தான் இது. சிரியாக் வழக்கில் இந்த ஆண்டுக்கணக்கு கி.மு. 312 அக்டோபர் 1இல் தொடங்குகிறது. சில ஏடுகள் இதையே 'அலெக்சாந்தர் ஆண்டு' என்கின்றன. அந்தப் பெயரை நம்பி, அவர் இறந்த கி.மு. 323இலிருந்து எண்ணினால் பதினோரு ஆண்டு பிசகும்.

ஆண்டைப் பார்க்கும் முன் மாதத்தைப் பாருங்கள். முதல் தெஷ்ரி (அக்டோபர்), இரண்டாம் தெஷ்ரி (நவம்பர்), முதல் கானூன் (டிசம்பர்) என்றால் 312 கழிக்க வேண்டும். இரண்டாம் கானூன் (ஜனவரி) முதல் எலூல் (செப்டம்பர்) வரை 311. ஆவணியில் பிறக்கும் கொல்லம் ஆண்டுக்கு 824, 825 என்று இரண்டு எண் வைத்திருக்கிறோமே, காரணம் அதேதான்: ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை.

காலம் குறிக்கப்பட்ட சிரியாக் சுவடிகளில் மிகப் பழையது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது: 723, இரண்டாம் தெஷ்ரி. 312 கழித்தால் 411 நவம்பர். பழக்கதோஷத்தில் 311 கழிப்பவர்கள் 412 என்று எழுதிவிடுவார்கள். எடெஸ்ஸா நகர நாளாகமம் சொல்லும் பெருவெள்ளமும் அப்படித்தான்: 513, இரண்டாம் தெஷ்ரி, அதாவது 201 நவம்பர். கிறிஸ்தவர்களின் ஆலயம் அதில் சேதமடைந்தது என்கிறது குறிப்பு. இவ்வளவு முற்காலத்தில் ஆலயக் கட்டடம் பற்றிய செய்தி கிடைப்பதே அரிது. அதனால் ஓராண்டுப் பிழையையும் விடக்கூடாது.

மாதமே இல்லையென்றால் இரண்டையும் எழுதுங்கள்: 900 என்பது 588/589. ஊகித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஆண்டு எழுத்தெண்ணில் (சிரியாக் எழுத்துகளையே எண்களாக எழுதும் முறை) இருந்தால் வலமிருந்து இடமாகக் கூட்டுங்கள். தாவ் 400, ஷீன் 300, காப் 20, காமல் 3, மொத்தம் 723. தாலத்தும் (4) ரேஷும் (200) ஒரே உருவம். புள்ளி கீழே இருந்தால் தாலத், மேலே இருந்தால் ரேஷ். மை மங்கிப் புள்ளி தெரியாவிட்டால் இடம் காட்டிக்கொடுக்கும்: பெரிய எண் முன்னால் வரும், தாலத் கடைசியில் நிற்கும்.

கிழமை இருந்தால் சரிபார்க்கத் தவறாதீர்கள், ஆனால் இன்றைய கிரெகோரியனில் அல்ல, அதற்கு முன் வழங்கிய ஜூலியன் நாட்காட்டியில். சீனாவின் சியான் நகரில் கிழக்குத் திருச்சபையார் (சிரியாக் மரபுக் கிறிஸ்தவர்கள்) நிறுத்திய கல்லில் யவனர் ஆண்டு 1092 என்றிருக்கிறது. அதன் சீன வாசகம் தரும் நாள் 781 பிப்ரவரி 4, ஞாயிறு. ஜூலியனில் ஞாயிறே வருகிறது. கிரெகோரியனைப் பின்னோக்கி நீட்டினால் புதன் வரும். ஜூலியனிலும் கிழமை ஒத்துவரவில்லை என்றால் கழித்தலை மாற்றிப் பொருத்தாதீர்கள், ஏட்டுக்குத் திரும்பிப் புள்ளியையும் மாதப் பெயரின் 'முதல்', 'இரண்டாம்' என்ற அடைமொழியையும் மறுபடி வாசியுங்கள்.