வண்டி திணறுகிறதா? ஸ்க்ரூவைத் தொடும் முன் இதைப் பாருங்கள்

ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. உடனே கை போவது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்க்ரூவுக்கு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்படி அரைச் சுற்று, அப்படி ஒரு சுற்று என்று திருகி, கடைசியில் அது முதலில் எங்கே இருந்தது என்பதே மறந்துபோனது. கோளாறு இருந்ததோ ஏர் ஃபில்டரில்.

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று அதைவிடக் கூடினால் கலவை லீன், பெட்ரோல் கூடினால் ரிச். நாம் கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டுதான்: லீனா ரிச்சா, ஆக்சிலேட்டர் எந்த அளவு திறந்திருக்கும்போது அப்படி ஆகிறது.

முதலில் வெளிவேலை

ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் காற்று குறைந்து ரிச் ஆகும். காலையில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக் லீவர் முழுதாகத் திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். பாதியில் நின்றாலும் ரிச்தான். கொஞ்ச தூரம் நன்றாக ஓடி அப்புறம் மூச்சு முட்டுவதுபோல நின்றுவிட்டால், டேங்க் மூடியைத் திறந்து மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள். உடனே சரியானால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது, கார்புரேட்டர் மேல் பழி இல்லை.

லீனா, ரிச்சா?

எஞ்சின் நன்றாகச் சூடானதும் சோக்கைக் கொஞ்சமாக இழுங்கள். சோக் போட்டால் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். திணறல் குறைந்தால் கலவை லீன். இன்னும் மோசமானால் ரிச். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், என் கணக்கில் இதைவிடப் பயனுள்ள சோதனை கிடையாது.

மற்ற அடையாளங்களும் உண்டு. ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட பட என்று வெடித்தால், அல்லது ஐடிலிங் (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) கீழே இறங்காமல் தொங்கினால், லீனாக இருக்கலாம். காலையில் சோக் இல்லாமலே ஸ்டார்ட் ஆகி, சூடானதும் மந்தமாகிப் பெட்ரோல் வாடையும் கரும்புகையும் வந்தால் ரிச். புகை நீலமாக இருந்தால் எரிவது எஞ்சின் ஆயில். அதற்குக் கார்புரேட்டரைத் திறந்து பயனில்லை.

ஸ்பார்க் பிளக்கையும் பார்க்கலாம். உலர்ந்த கரி படிந்திருந்தால் ரிச், வெள்ளையாக வெளுத்திருந்தால் லீன், இளம்பழுப்பு நல்லது. நின்ற இடத்திலேயே ஐடிலிங்கில் ஓடவிட்டுக் கழற்றினால் கரியாகத்தான் தெரியும். சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் போய், கிளட்சைப் பிடித்து அப்படியே எஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்தி, ஆறிய பிறகு கழற்றுங்கள். ஈயமில்லாத பெட்ரோலில் பிளக் நிறம் அவ்வளவு தெளிவாகப் பதியாது, எனவே இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

எங்கே திணறுகிறது?

ஹேண்டில் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். எதிரே அசையாத பகுதியில் மூடிய நிலை, கால், பாதி, முக்கால், முழுத் திறப்பு என்று கோடு போடுங்கள். இனி ஓட்டும்போது கவனிக்க வேண்டியது வண்டியின் வேகத்தை அல்ல, டேப் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை.

மூடிய நிலையிலிருந்து கால் வரை தொல்லை என்றால் பைலட் ஜெட்டும் (குறைந்த திறப்பில் பெட்ரோல் வரும் சின்னத் துளை) கலவை ஸ்க்ரூவும் (முதலில் சொன்ன அந்தச் சின்ன ஸ்க்ரூ). காலிலிருந்து முக்கால் வரை பெரும்பாலும், ஆக்சிலேட்டரோடு மேலே எழும்பிப் பெட்ரோலுக்கு வழிவிடும் ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட், அதாவது பெட்ரோல் வரும் பெரிய துளை. எல்லா நிலையிலும் ரிச் என்றால், அதிலும் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டினால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட் பக்கம் பாருங்கள்.

இப்போது ஸ்க்ரூ

கால் திறப்புக்குள் தொல்லை இருந்தால் மட்டும் இதற்கு வாருங்கள். கலவை ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். இறுக்கினால் கூர்முனை கெட்டுவிடும். பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள்.

ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருகினால் ரிச். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது; வெளியே திருகினால் லீன். இதை மாற்றிப் புரிந்துகொண்டு மணிக்கணக்கில் அல்லாடியவர்கள் நிறைய.

சூடான எஞ்சின் ஐடிலிங்கில் ஓடட்டும். கால் கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் சில நொடி பொறுங்கள். ஐடிலிங் எங்கே அதிகமாகிறதோ அதுதான் சரியான இடம். பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் திருகினாலும் எஞ்சின் கண்டுகொள்ளவே இல்லை என்றால் பைலட் வழி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் இது சகஜம். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும்.

லீன் என்றால் இன்னொன்று: கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர். அதில் விரிசல் இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஐடிலிங்கில் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். இதற்குச் சிலர் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அந்த விபரீதம் வேண்டாம்.

ஊசியும் மெயின் ஜெட்டும்

நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டியில் ஜெட்டின் அளவு திடீரென்று தப்பாகாது, அடைத்துத்தான் இருக்கும். சைலன்சரையோ ஃபில்டரையோ மாற்றிய பிறகு தொல்லை வந்திருந்தால் மட்டும் அளவை மாற்ற யோசிக்கலாம். ஊசியில் கிளிப் மாட்டப் பல பள்ளங்கள் இருந்தால், கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாட்டுங்கள். ஊசி மேலே எழும்பி ரிச் ஆகும். மேலே மாட்டினால் லீன். மெயின் ஜெட்டில் எண் கூடினால் துளை பெரிது. முழுத் திறப்பில் லீனாக ஓடும் வண்டியை அப்படியே நெடுந்தூரம் விரட்ட வேண்டாம், பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.