முதலில் பட்டியல், அப்புறம் விண்ணப்பம்

தொண்டு நிறுவனமோ நாடகக் குழுவோ, நிதி தேடும்போது பலரும் ஒரே விண்ணப்பத்தை எழுதி, பெயரை மட்டும் மாற்றி நாற்பது அறக்கட்டளைகளுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு வரி எழுதுவதற்கு முன்பே அந்த அறக்கட்டளை கடந்த மூன்று வருஷத்தில் யாருக்கு, எதற்கு, எவ்வளவு கொடுத்தது என்று தேடிப் பாருங்கள்.

இணையதள முகப்பில் 'கலைகளை ஆதரிக்கிறோம்' என்று இருக்கும், நிதி பெற்றவர்கள் பட்டியலைத் திறந்தால் பணம் முழுக்கப் பெரிய அருங்காட்சியகங்களுக்குப் போயிருக்கும். உங்கள் அளவுள்ள குழு ஒன்றுகூட அதில் இல்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள். இருந்தால், அவர்களுக்குக் கிடைத்த தொகையை ஒட்டியே நீங்களும் கேளுங்கள்.

பட்டியல் எங்கே கிடைக்கும்? அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் வருஷந்தோறும் வரித்துறைக்குக் கொடுக்கும் 990-பிஎஃப் படிவத்தில் பெற்றவர் பெயர், தொகை, நோக்கம் மூன்றும் இருக்கும், யாரும் பார்க்கலாம். பிரிட்டனுக்கு 360கிவிங் என்ற அமைப்பு நடத்தும் கிராண்ட்நேவ் இருக்கிறது, யார் யாருக்கு நிதி கொடுத்தார்கள் என்று தேடிப் பார்க்கும் இணையதளம், இலவசம். இது எதுவும் இல்லாத இடத்திலும் ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்: உங்களைப் போன்ற குழுக்களின் ஆண்டறிக்கையையும் நிகழ்ச்சிக் கையேட்டையும் எடுத்துக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள், அங்கே நன்றி சொல்லியிருக்கும் பெயர்கள்தான் நீங்கள் தேடும் பட்டியல்.

தனிக் கலைஞர்களுக்கு இன்னொரு தடை. பதிவு பெற்ற அமைப்புகளுக்கு மட்டுமே கொடுப்போம் என்பவர்கள் நிறைய. அப்போது பதிவு பெற்ற ஓர் அமைப்பு உங்கள் சார்பில் பணத்தைப் பெற்றுக் கணக்கு வைத்துக்கொள்ள ஒப்புமா என்று கேளுங்கள்; அதற்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள், அதை முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சரி, எழுத உட்காரும்போது பட்ஜெட்டில் இருந்து தொடங்குங்கள். விவரிப்பில் பன்னிரண்டு பயிலரங்கு, பட்ஜெட்டில் பத்து நாள் அரங்க வாடகை என்றால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். கணக்காளர் சம்பளம், மின்கட்டணம், காப்பீடு இதையெல்லாம் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள், நிர்வாகச் செலவு இல்லாமல் எந்த வேலையும் நடக்காது. அதற்கு எத்தனை சதவீதம் வரை தருவார்கள் என்பது விதிமுறையிலேயே பெரும்பாலும் இருக்கும். உங்கள் பங்காகவும் கொஞ்சம் காட்டச் சொன்னால், இலவசமாகக் கிடைத்த அரங்கையும் தன்னார்வலர்களின் நேரத்தையும் மதிப்பிட்டுச் சேர்க்கலாமா என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கேட்பதால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப்போவதில்லை.

நிதியுதவி உறுதி, முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் அது மோசடி, விலகிவிடுங்கள். அப்புறம் தேதி. ஏற்கெனவே செய்த செலவுக்குப் பெரும்பாலானோர் பணம் தரமாட்டார்கள், அதனால் முடிவு அறிவிக்கும் நாளைப் பார்த்து, அதற்குப் பிறகு வருவதுபோல் ஒத்திகையின் முதல் நாளை வையுங்கள்.