வளர்ந்த பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் ஹொட்டேலைத் தெரிவு செய்யும்போது

ஹொட்டேல்காரரின் கணக்கில் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை பெரும்பாலும் பெரியவர்தான். கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் முழுக் காசு வாங்குவார்கள். அதே பிள்ளை கடலில் இறங்கும்போது, எங்கள் ஊரில் வளர்ந்த பெரும்பாலான பிள்ளைகளைப் போல, நீந்தத் தெரியாத பிள்ளையாகவே இறங்குகிறது. கடல் சூழ்ந்த யாழ் குடாநாட்டில் இருந்துகொண்டு, ரியூசன் வகுப்புக்குக் கொடுத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நீச்சலுக்குக் கொடுக்காதவர்கள் நாங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் கையை விடாத தாய், பதினைந்து வயது மகன் தண்ணீருக்குள் போகும்போது கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிவிடுகிறார். ஆகவே, இந்த வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அறையின் அழகைப் பார்ப்பதற்கு முன்னர் அந்த ஹொட்டேலுக்கு முன்னால் கிடக்கும் கடலைப் பற்றி விசாரிப்பதே முறை.

கடலைப் பற்றி விசாரிப்பது என்றால் முதலில் மாதத்தைப் பார்ப்பது. எங்கள் கடற்றொழிலாளர்கள் காற்றை வைத்துக் கரையைக் கணிப்பார்கள். விடுமுறைக்குப் போகிறவரும் அதையே செய்யலாம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் மேற்குக் கரையும் தெற்குக் கரையும் கொந்தளித்துக் கிடக்க, திருகோணமலை, பாசிக்குடா முதலிய கிழக்குக் கரைகள் அமைதியாக இருக்கும். ஐப்பசியில் மழை பிடித்து வாடை தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகி, கிழக்குக் கடல் கலங்கலும் அலையுமாக மாறிவிடும். மார்கழி முதல் பங்குனி வரை பெந்தோட்டை, ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ ஆகிய தென்மேற்குக் கரைகளே குளிக்கத் தக்கவை. டிசம்பர் விடுமுறையில் கிழக்குக் கரையிலுள்ள நிலாவெளி ஹொட்டேல் ஒன்று அரை விலைக்கு அறை தருகிறதென்றால், அந்த விலைக்கழிவு கடலில் இறங்க முடியாததற்கான கழிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் எங்கள் ஊருக்கென்று தனியான ஒரு சிக்கல் உண்டு. கிழக்குக் கடல் நன்றாக இருக்கும் காலத்திலேயே, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரரின் பிள்ளைகள் வந்து நிற்கும் யூலை, ஓகஸ்ட் மாதங்களிலேயே, நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியும் ஏறுகிறது. திருவிழா நடக்கும் 25 நாளும் மச்சம் தொடாத வீடுகள் பல. அந்த நாட்களில் ஊரைவிட்டுப் போவதற்கே அம்மம்மாமார் சம்மதிக்க மாட்டார்கள். பயணத்தைக் கொடியேற்றத்துக்கு முன்னரோ பூங்காவனத்துக்குப் பின்னரோ வைத்துக்கொள்வது நல்லது. இடையில்தான் போகவேண்டும் என்றால், மரக்கறிச் சாப்பாட்டைத் தனிச் சட்டியில், தனி அகப்பையால் சமைத்துத் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பஃபே மேசையில் மரக்கறித் தட்டுக்குப் பக்கத்திலேயே இறால் தட்டும் இருக்கும். ஒரே கரண்டி இரண்டுக்கும் போய்வரும்.

குடாநாட்டுக்குள்ளேயே தங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. காரைநகர் கசூரினாவும் வேலணைச் சாட்டியும் சோற்றுப் பொதியோடு காலையில் போய் மாலையில் திரும்புவதற்கு ஏற்ற இடங்கள். ஆனால் யாழ்ப்பாணத்து ஹொட்டேல்களில் பெரும்பாலானவை நகரத்துக்குள்ளே இருப்பதால், விடிந்து எழுந்து வெறுங்காலோடு மணலில் இறங்கும் விடுமுறைக்கு வேறு கரையைத்தான் தேட வேண்டியிருக்கிறது. வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு ஏறக்குறைய 235 கிலோமீற்றர். விடியற்காலை வானில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேரலாம். பாசிக்குடா 300 கிலோமீற்றருக்கு மேல். அறுகம்பைக்குப் போவதென்றால் ஒரு பகல் முழுவதும் வீதியிலேயே போய்விடும். மூன்று இரவுக்குக் குறைவாக அங்கே தங்கப் போவதில் பொருளில்லை என்பது என் எண்ணம்.

இந்த மூன்று கரைகளும் ஒன்றுபோலானவை அல்ல. எது ஏற்றது என்பது பிள்ளைகளின் சுபாவத்தைப் பொறுத்தது. பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பளவுக்கு மேல் வராத இடங்கள் உண்டு, அலையும் குறைவு. நீந்தத் தெரியாத பிள்ளைக்கும் முழங்கால் நோவோடு வரும் அம்மம்மாவுக்கும் அதைப்போன்ற கடல் வாய்க்காது. ஆனால் பெரிய ரிசோட்டுகளுக்கு வெளியே நடந்து பார்க்க அதிகம் இல்லாததால், பதினாறு வயதுப் பிள்ளைக்கு இரண்டாம் நாளே அலுத்துவிடும். திருகோணமலைக் கரையில், உப்புவெளியில் கடற்கரையோரமாகச் சிறிய சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருப்பதாலும் திருகோணமலை நகரம் பக்கத்திலேயே இருப்பதாலும், மாலையில் பிள்ளைகளைக் கொஞ்சம் தாங்களாகவே நடந்துவர விடலாம். கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் பார்ப்பதற்கும் அதுவே வசதி. நிலாவெளி அதைவிட அமைதி. அங்கிருந்து படகேறினால் புறாத்தீவு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான். முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலே பவளப்பாறையும் வண்ண மீன்களும் தெரியும். அது 2003 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் மச்சான்மாருக்கு அந்தச் சீட்டின் விலை வேறு. கூட்டம் சேருமுன் காலையிலேயே போய்விடுவதும், நீந்தத் தெரிந்தவரும் மிதவை அங்கி அணிவதும், பவளத்தின்மீது கால் வைக்காமலிருப்பதும் அவசியம். அறுகம்பை அலைச்சறுக்குக்காரரின் இடம். பழகுகின்றவர்களுக்கான அலைகளும் ஆசிரியர்களும் அங்கே உண்டென்றாலும், நீச்சலே தெரியாத பிள்ளையை அங்கே கூட்டிப்போக நான் சம்மதிக்க மாட்டேன்.

எந்தக் கரையானாலும் ஹொட்டேலுக்குத் தொலைபேசி எடுத்து மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நாங்கள் வருகின்ற மாதத்தில் உங்கள் ஹொட்டேலுக்கு நேர் முன்னால் குளிக்கலாமா, அல்லது வேறு இடத்துக்குப் போகவேண்டுமா? கரையில் உயிர்காப்பாளர் நிற்கிறாரா, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை? எத்தனை அடி நடந்தால் கழுத்தளவு தண்ணீர் வரும்? மூன்றாவது கேள்விக்கு வரவேற்பில் இருப்பவர் தடுமாறினால், தோட்டக்காரரிடமோ படகுக்காரரிடமோ கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தமிழிலேயே கதைத்து அறியக்கூடிய சங்கதி இது.

போவதற்கு முன் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிவைக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. கரையில் வந்து மோதிய தண்ணீர் ஒடுங்கிய வாய்க்கால்போலத் திரும்பிக் கடலுக்குள் பாயும் இழுவை நீரோட்டம், மேலிருந்து பார்க்கும்போது இருபக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் அலையே இல்லாத அமைதியான துண்டாகத் தெரியும். அலைக்குப் பயந்த பிள்ளை அந்தத் துண்டைத் தெரிந்தெடுத்துத்தான் இறங்கும். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாமல், மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து விலக வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. இன்றைய பதின்ம வயதுப் பிள்ளைகள் எல்லோரும் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் பிறந்தவர்கள் என்பதால், நிலம் அதிர்ந்தாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் உயரமான இடத்துக்கு ஓடவேண்டும் என்பதையும் அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீச்சல் குளத்தைப் பொறுத்தவரையில், ஆழத்தைக் கேட்பதோடு உடையைப் பற்றியும் கேளுங்கள். பருத்திச் சுரிதாரோடும் ரீசேட்டோடும் குளத்தில் இறங்க அநேக ஹொட்டேல்கள் விடுவதில்லை. நீச்சலுக்கென்று தைத்த துணி வேண்டும் என்பார்கள். எங்கள் குமர்ப்பிள்ளைகள் கடலில் உடுப்போடு இறங்கிப் பழகியவர்கள்; குளத்தடியில் காவலாளி ஒருவர் எல்லோர் முன்னிலும் மறித்து அனுப்பினால், அந்தப் பிள்ளை மிச்ச நாட்கள் முழுவதும் அறையை விட்டு வெளியே வராது. கையும் காலும் முழுதாக மூடுகின்ற நீச்சலுடை இப்போது கடைகளில் கிடைக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தே வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

இனி, இடத்தைப் பற்றிய விளம்பரச் சொற்கள். சில ஆண்டுகளுக்கு முன் கிழக்குக் கரையில் நாங்கள் எடுத்த அறை, விளம்பரத்தில் ‘கடலோர அறை’ என்றே இருந்தது. போய்ப் பார்த்தால் ஹொட்டேலுக்கும் கடலுக்கும் நடுவில் பஸ் ஓடும் வீதியும், அதற்கு அப்பால் முள்வேலியடித்த வெறுங்காணியும் கிடந்தன. சுற்றிப்போக அரைக் கிலோமீற்றர். கடலோரம் என்பது வேறு, கடல் தெரிவது என்பது வேறு, கடலுக்குக் கிட்ட என்பது முற்றிலும் வேறு. கூகுள் வரைபடத்தில் செய்மதித் தோற்றத்தைத் திறந்து, ஹொட்டேலின் வாசலிலிருந்து மணல் வரை அளந்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். ஹொட்டேல் போட்ட படங்களைவிடத் தங்கிப்போனவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். விமர்சனங்களைப் படிக்கும்போது, நீங்கள் போகின்ற அதே மாதத்தில் அண்மையில் போய்வந்தவர்கள் எழுதியதை மட்டும் படித்தால் போதும். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்துவிடலாம். எங்களைவிட விரைவாகச் செய்வார்கள், பிறகு ஹொட்டேலைக் குறை சொல்லவும் அவர்களுக்கு வாய் வராது.

அறை விடயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பதே என் துணிபு. தாய், தகப்பன், பதினேழு வயது மகன், பதினான்கு வயது மகள் என்ற குடும்பத்தை ஓர் அறையில் மேலதிகக் கட்டில் போட்டு அடைப்பது, மூன்று நாளும் குளியலறை வாசலில் சண்டை பிடிப்பதற்கே வழி. நடுவில் உட்கதவு உள்ள இரண்டு அறைகள் எல்லாவற்றிலும் நல்லது; அது இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்து அறைகள், ஒரே மாடியில் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ‘குடும்ப அறை’ என்ற பெயரில் சில இடங்களில் கிடைப்பது ஒரு பெரிய கட்டிலும் ஒரு சோபாவும்தான். எத்தனை கட்டில், எத்தனை குளியலறை என்று எண்ணிக் கேட்க வேண்டும். தண்ணீரையும் விசாரியுங்கள். உவர்த்தண்ணீர் எங்களுக்குப் புதிதல்லவென்றாலும், தலைமுடியைப் பற்றிக் கவலைப்படும் வயதில் ஒரு மகள் இருந்தால், குளியலறைக்கு நல்ல தண்ணீர் வருகிறதா என்பது சின்னக் கேள்வி அல்ல. வைஃபை அறைக்குள் எட்டுமா, வரவேற்பு மண்டபத்தில் மட்டும்தானா, மின்சாரம் நின்றால் மின்பிறப்பாக்கி ஏசியையும் இயக்குமா என்பவற்றையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

நீண்ட வார இறுதிகளில் கடற்கரை முழுவதும் வெளியூர்க் கூட்டத்தால் நிறைந்து, குடித்துவிட்டுக் கடலில் இறங்குபவர்களும் இருப்பார்கள். பெண்பிள்ளைகளோடு போகிறவர்கள் வாரநாளைத் தெரிவு செய்வது நிம்மதி, விலையும் குறையும். பூரணைப் போயா தினத்தில் மதுபானம் விற்க முடியாதென்பதால் ஹொட்டேலுக்குள் இரவு அமைதியாகக் கழியும், ஆனால் பகலில் கரை நிறைந்திருக்கும்.

விலையைக் கேட்கும்போது இறுதித் தொகையைக் கேளுங்கள். விலைக்குப் பின்னால் ‘++’ என்ற அடையாளம் இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் இனித்தான் சேரும் என்று பொருள். வற் வரிக்குப் பதிவுசெய்த ஹொட்டேலில் 10 வீதச் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 18 வீத வற் வரியும் சேர்ந்தால், 20,000 ரூபா என்று சொன்ன அறை 26,000 ரூபாவைத் தொட்டுவிடும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்ன கணக்கு என்று பிள்ளைகளின் வயதைச் சொல்லியே கேட்க வேண்டும். உள்நாட்டவருக்கு ஒரு விலையும் வெளிநாட்டவருக்கு டொலரில் இன்னொரு விலையும் இருப்பதால், கனடா மச்சானையும் ஒரே அறையில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வரவேற்பு மேசையில் கடவுச்சீட்டைக் கேட்கும்போது தர்க்கப்படுவது அழகல்ல. அடையாள அட்டை எடுக்காத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழின் நிழற்பிரதியைக் கொண்டுபோகலாம். சாப்பாட்டில், காலை உணவும் இரவு உணவும் சேர்ந்த ஹாஃப் போர்ட் போதுமானது. மதியத்தில் பிள்ளைகள் வெளியே கொத்து ரொட்டிதான் தேடுவார்கள்.

முற்பணம் அனுப்புவதற்கு முன்னர், தங்கும் திகதி, அறைகளின் எண்ணிக்கை, உட்கதவு, சாப்பாட்டு ஒழுங்கு, வரி உட்பட்ட மொத்தத் தொகை, பயணத்தை ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவை எல்லாம் அடங்கிய மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ ஹொட்டேலிலிருந்து வந்திருக்க வேண்டும். வாடகை வானில் போகிறவர்கள் இன்னொன்றையும் அதில் சேர்த்துக் கேட்கட்டும்: சாரதிக்குப் படுக்க இடமும் சாப்பாடும் உண்டா என்று. இரவு முழுவதும் வானுக்குள் நுளம்புக் கடியில் கிடந்த மனிதரிடம், திரும்பி வரும் 235 கிலோமீற்றருக்கும் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது.