குழந்தையின் பிறந்தநாள் விழா: நேரத்திலும் நெருப்பிலும் நடக்கும் தவறுகள்

நான்கு வயதுக் குழந்தையின் பிறந்தநாள் விழா பெரும்பாலும் நேரத்தில்தான் கெடுகிறது. அழைப்பில் மாலை 6 மணி என்று போடுகிறோம். அப்பா அலுவலகத்திலிருந்து வந்து, சித்தப்பா குடும்பமும் வந்து சேர்ந்து, மெழுகுவத்தி ஏற்றும்போது 8 ஆகிவிடுகிறது. காலையில் கோயில், பிறகு பள்ளியில் சாக்லேட் கொடுத்தது, மதியத் தூக்கமும் போச்சு. அந்த நேரத்தில் குழந்தை அழுதால் அது பிடிவாதம் இல்லை, களைப்பு.

பிறந்த தேதியோ நட்சத்திரமோ வருகிற நாளில் கோயிலும் ஆரத்தியும் பாயசமும் போதும். விருந்தை அடுத்த சனி, ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியம் தூங்கி எழுந்த பிறகு 4.30க்குத் தொடங்கி 6.30க்கு முடித்துவிடலாம், 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு 2 மணி நேரமே அதிகம். "5.15க்கு கேக்" என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். அந்த நேரத்துக்கு யார் வராவிட்டாலும் வெட்டிவிட வேண்டும்.

அடுத்தது தலைக்கணக்கு. 15 குழந்தைகளை அழைத்தால் கூடவே அம்மாவோ அப்பாவோ வருவார்கள், தம்பி தங்கையும் வருவார்கள். 35 பேருக்குத் திட்டமிடுங்கள். அதற்கு 2 கிலோ கேக் போதும். 3 கிலோ வாங்கினால் மீதி குளிர்சாதனப் பெட்டிக்குத்தான் போகும். ஃபிரெஷ் கிரீம் கேக்கை நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் மேசையில் வைத்தால் சரிந்துவிடும். வெட்டுவதற்கு 15, 20 நிமிடம் முன்பு எடுத்தால் போதும். பைக்கில் கொண்டுவந்தால் பெட்டி சாய்ந்து பூ வேலைப்பாடெல்லாம் ஒரு பக்கம் ஒட்டிவிடும். ஆட்டோவிலோ காரிலோ காலடியில் சமமாக வைத்து எடுத்து வாருங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது நெருப்பு. ஸ்னோ ஸ்ப்ரே டப்பாவிலிருந்து நுரையை வெளியே தள்ளுவது பெரும்பாலும் பியூட்டேன், புரோப்பேன் போன்ற எரியும் வாயு. எரிகிற மெழுகுவத்திக்கு மேல் அடித்தால் குழந்தையின் முகத்துக்கு நேராகவே தீப்பிழம்பு எழும். அதை வாங்கவே வேண்டாம். யாராவது கொண்டுவந்தாலும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். மேலே மிதக்கும் பலூனில் ஹீலியத்துக்குப் பதில் மலிவான ஹைட்ரஜன் நிரப்புகிறவர்களும் உண்டு. அதுவும் தீயில் வெடிக்கும். என்ன வாயு என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வாயால் ஊதிய பலூன்களையே கட்டுங்கள். வெடித்த ரப்பர் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், சின்னக் குழந்தை வாயில் போட்டால் மூச்சு அடைக்கும். நைலான் நெட் வைத்த கவுன் சட்டென்று தீப்பிடிக்கும். மெழுகுவத்தி ஏற்றும்போது ஒரு பெரியவர் குழந்தையின் பின்னால் நின்று தலைமுடியையும் உடையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். மின்விசிறியை அந்த ஒரு நிமிடம் மட்டும் நிறுத்தினால் போதும்.

கேக் வெட்டியதும் உறவினர் ஒவ்வொருவரும் ஒரு துண்டு ஊட்டி, நின்று படம் எடுக்கிறார்கள். 20 பேர் ஊட்டினால் குழந்தை வாந்திதான் எடுக்கும். மற்ற குழந்தைகளோ கேக்கைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நிற்கும். அப்பா அம்மாவும் தாத்தா பாட்டியும் ஊட்டினால் போதும். படங்களை விழா தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

விளையாட்டில் மியூசிக்கல் சேர் வேண்டாம். முதலில் வெளியேறும் குழந்தை அழும், பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும். பாட்டு நின்றதும் எல்லாரும் சிலையாக நிற்கும் விளையாட்டில் யாரும் வெளியேற வேண்டாம். ஒவ்வொன்றும் 10 நிமிடம் போகிற மாதிரி 4 விளையாட்டு கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு நெய்யும் பொடியும் புரட்டிய மினி இட்லி, ஆளுக்கு 6 முதல் 8. தேங்காய்ச் சட்னியைக் காலையிலேயே அரைத்து வைத்தால் மாலையில் புளித்துவிடும். முழு நிலக்கடலை, பாப்கார்ன், முழுத் திராட்சை எதுவும் 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கினால் சரி. பால், முட்டை, கடலை ஒவ்வாமை உண்டா என்று அழைக்கும்போதே கேட்டு வையுங்கள். தட்டுக்குப் பாக்குமட்டை நல்லது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டும் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியும் அலங்காரத் தெர்மாகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை.

ரிட்டர்ன் கிஃப்ட் எல்லாருக்கும் ஒன்றே இருக்கட்டும்; ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்றால் அங்கேயே சண்டை வரும். கூடுதலாக 4 வாங்குங்கள், தம்பி தங்கைகளுக்கு வேண்டியிருக்கும். பட்டன் பேட்டரி போட்ட மினுக்கு பொம்மைகளைத் தவிருங்கள், விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். வந்த பரிசுகளில் கொடுத்தவர் பெயரை அப்போதே பேனாவால் எழுதி அலமாரியில் வையுங்கள். மறுநாள் காலை, தூங்கி எழுந்த குழந்தையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்.